பதிவேட்டில் 13,178, ரேக்கில் 12,391: ஒரு கோடை விடுமுறை ஸ்டாக் வெரிபிகேஷன்

எங்கள் கல்லூரி சின்னது. டெல்டா பக்கம், உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரி. நூலகம் என்றால் ஒரு நீள ஹால், ஒட்டினாற்போல் ஒரு ஸ்டோர் ரூம், நான், ஓய்வுபெற நான்கு வருடம் மீதமிருக்கும் ஓர் உதவியாளர் அண்ணன், அவ்வளவுதான். போன கோடை விடுமுறையில் இரண்டு வேலைகளை ஒன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டோம். ஒன்று, மூன்று வருடமாகத் தள்ளிப்போட்ட ஸ்டாக் வெரிபிகேஷன், அதாவது பதிவேட்டில் உள்ள புத்தகமெல்லாம் கையில் இருக்கிறதா என்று சரிபார்ப்பது. இன்னொன்று, பழைய மென்பொருளிலிருந்து கோஹா என்ற நூலக மென்பொருளுக்கு மாறுவது. இரண்டையும் சேர்த்துச் செய்யாதீர்கள் என்று சொல்லலாம்தான், ஆனால் தனித்தனியாகச் செய்தால் ஒவ்வொரு புத்தகத்தையும் இரண்டு தடவை கையில் எடுக்க வேண்டும், மே மாத வெயிலில் அதற்கு யாருக்கும் தெம்பு கிடையாது.

முதலில் கணக்கு. வருகிற ஒவ்வொரு புத்தகத்துக்கும் வரிசையாக ஓர் எண் கொடுத்து எழுதிவைக்கும் அக்சஷன் ரெஜிஸ்டரில் கடைசி எண் 14,216. பழைய ஆண்டுகளில் உத்தரவு வாங்கி நீக்கியவை 1,038. ஆக, இருக்க வேண்டியது 13,178. இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். வேலை முடியும்வரை தினமும் அதைப் பார்த்துத்தான் வயிற்றைக் கலக்கியது.

பார்கோடிலிருந்து தொடங்கினோம். ஆறு வருடத்துக்கு முன் நானே ஒரு முயற்சி செய்து இரண்டாயிரம் புத்தகங்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன், அதில் பாதி வெளுத்துப் போயிருந்தது. மேற்கு ஜன்னலோர ரேக்கில் இருந்தவை சுத்த வெள்ளைத் தாள். தப்பு என்னுடையதுதான். ரிப்பன் இல்லாமல் சூட்டிலேயே கறுக்கும் தெர்மல் தாளில் அடித்துவிட்டேன், பஸ் டிக்கெட் மாதிரி, கடை பில் மாதிரி. வெயிலும் வெக்கையும் படுகிற இடத்தில் அது தாங்காது. இந்தத் தடவை ரிப்பன் போட்டு அடிக்கும் பிரின்டர் வாங்கினோம். அதைவிட முக்கியம், எங்கே ஒட்டுவது என்பது. முன்பு பின்னட்டையில் ஒட்டியிருந்தேன், ஸ்கேன் செய்ய வசதி என்று. பைண்டிங்குக்குப் போன புத்தகங்கள் அட்டையில்லாமல், அதனால் எண்ணுமில்லாமல் திரும்பி வந்தன. இப்போது தலைப்புப் பக்கத்தின் பின்பக்கம். திறந்துதான் ஸ்கேன் செய்ய வேண்டும், கொஞ்சம் மெதுவாகும், பரவாயில்லை. மேலே செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். இரண்டு வருடத்தில் பழுப்பேறி, பசை கசிந்து, பக்கத்துத் தாளையும் பிடித்துக்கொள்ளும்.

பார்கோடில் என்ன எண் போடுவது என்று சிலர் குழம்புகிறார்கள். அக்சஷன் நம்பரையே போடுங்கள், முன்னால் பூஜ்யம் சேர்க்காமல். நான் ஆரம்பத்தில் ஆறு இலக்கம் வரட்டும் என்று 000451 என்று வைத்தேன். எக்செல்லில் கோப்பைத் திறந்து மூடியதும் அது 451 ஆகிவிட்டது, பாதிப் புத்தகங்கள் ஒரு கணக்கில், பாதி இன்னொரு கணக்கில். அந்த நெடுவரிசையை எழுத்தாக மாற்றி வைத்துவிட்டுத் திறந்திருக்க வேண்டும், தெரிந்தும் மறந்தேன். மூன்று நாள் போனது.

ஸ்டிக்கர் ஒட்ட மூன்று வாரம், ஸ்கேன் செய்ய ஒன்பது நாள். முறை ரொம்ப எளிது. ஸ்கேனர் என்பது கணினிக்கு இன்னொரு கீபோர்டு மாதிரிதான், எண்ணைப் படித்து என்டர் தட்டும். ஒரு மடிக்கணினி, நோட்பேட், ஒவ்வொரு ரேக்குக்கும் தனித் தனிக் கோப்பு. எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டால் எங்காவது பிசகு நடந்தபோது எங்கிருந்து திரும்ப ஆரம்பிப்பது என்று தெரியாது. அண்ணன் ஒரு யோசனை சொன்னார், அதுதான் எங்களைக் காப்பாற்றியது. ஒவ்வொரு தட்டிலும் எத்தனை புத்தகம் என்று முதலில் கையால் எண்ணி ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தட்டில் சொருகிவிடுவது. ஸ்கேன் முடிந்ததும் கோப்பில் உள்ள வரிகளைச் சீட்டோடு ஒப்பிடுவது. ஃபேன் இரைச்சலில் 'பீப்' கேட்காமலே புத்தகம் மேஜையைத் தாண்டிப் போய்விடும், கண்ணுக்கு ஸ்கேன் செய்தது போலவே இருக்கும்.

கோஹாவில் இதற்கென்றே இன்வென்டரி வசதி இருக்கிறது. எண்கள் மட்டும் வரிக்கு ஒன்றாக இருக்கும் கோப்பை ஏற்றினால், கடைசியாகப் பார்த்த தேதியைப் புதுப்பித்து, வராதவற்றைப் பட்டியலாகத் தரும், ரேக் மாறி இருப்பவற்றையும் சொல்லும். கோஹா நியூசிலாந்தில் ஒரு சிறு வட்டார நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000 ஜனவரியில் ஓட ஆரம்பித்தது, மாவோரி மொழியில் அந்தச் சொல்லுக்குக் கொடை என்று பொருள். இலவசம் என்பதால் மட்டும் அதற்குப் போகவில்லை. பழைய மென்பொருளைச் செய்து கொடுத்தவர் போனை எடுப்பதை நிறுத்தி இரண்டு வருடமாகியிருந்தது.

முதல் சுற்றின் முடிவு: 12,391. குறைவது 787.

அன்று சாயங்காலம் பிரின்சிபாலிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுநாளே அது 'நூலகத்தில் 787 புத்தகம் திருட்டு' என்று ஸ்டாஃப் ரூமில் சுற்றியிருக்கும். எந்த நூலகத்திலும் முதல் சுற்றில் வரும் எண் காணாமல் போனவற்றின் எண் அல்ல, நமக்குத் தெரியாதவற்றின் எண், அவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வெரிபிகேஷன் ஆகியிருக்கிறது. முதல் தடவை, வேலைக்குச் சேர்ந்த புதிதில், வந்த எண்ணை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு வருடம் அவமானப்பட்டேன்.

துண்டுச் சீட்டோடு கணக்கு ஒத்துப்போகாத தட்டுகளை மட்டும் மறுபடி ஸ்கேன் செய்தோம். 71 கிடைத்தன, இருந்த இடத்திலேயே. அடுத்து ஆசிரியர்களின் கடன் லெட்ஜர். மாணவர்களுக்கு எடுத்துப் போன பதினைந்தாம் நாள் ஃபைன், ஆசிரியர்களுக்கு எந்தக் காலக்கெடுவும் இல்லை என்பது எங்கள் ஊர் வழக்கம். லெட்ஜரில் பக்கம் பக்கமாகப் பார்த்ததில் 214. பழைய மென்பொருளில் இவற்றை யாரும் ஏற்றவேயில்லை, மென்பொருளைப் பொறுத்தவரை அவை எல்லாம் ரேக்கில் இருந்தன. ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பட்டியல் அச்சிட்டுக் கொடுத்தேன். பெரும்பாலோர் மறுநாளே கொண்டுவந்தார்கள். ஒருவர் மட்டும், "மேடம், இது என் சொந்தப் புத்தகம்னு இத்தனை நாள் நினைச்சிட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டு, உள்ளே நம் முத்திரையைப் பார்த்துத் தானே சிரித்துவிட்டார். முத்திரை முதல் பக்கத்தில் மட்டும் இருந்தால் போதாது, யாருக்கும் சொல்லாத ஒரு குறிப்பிட்ட பக்கத்திலும் போட வேண்டும் என்பது பழைய பழக்கம். அதன் பயன் இந்த மாதிரி நேரத்தில்தான் தெரியும்.

மீதி 502. துறை அலமாரிகளுக்குப் போனோம். ஒவ்வொரு துறையிலும் ஒரு ஸ்டீல் பீரோ, கதவில் 'துறை நூலகம்' என்று எழுதியிருக்கும். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருகைக்கு முந்தைய வாரம் நூலகத்திலிருந்து கட்டுக்கட்டாக எடுத்துப் போய் அடுக்கியவை, குழு போனபின் திரும்பி வராதவை. கையெழுத்தும் இல்லை, சீட்டும் இல்லை. ஏழு பீரோவில் 263. கணிதத் துறை பீரோவின் சாவி தொலைந்து போயிருந்தது, பூட்டை உடைத்தால் உள்ளே நம் புத்தகங்களுக்கு மேல் ஒரு டஜன் விடைத்தாள் கட்டு. இவற்றைத் திரும்பக் கொண்டுவர வேண்டாம் என்று நானே முடிவு செய்தேன். துறையில் இருந்தால் படிக்கிறார்கள் என்றால் துறையிலேயே இருக்கட்டும், கோஹாவில் அதை ஒரு தனி இடமாகக் காட்டிவிட்டால் போயிற்று. யாராவது தேடினால் 'இயற்பியல் துறை பீரோ' என்று வரும்.

அப்புறம் 58 புத்தகங்கள் ஒரு சாக்கில். பைண்டிங்குக்குப் பிரித்துக் கட்டி வைத்து, பைண்டர் வராமல், மழையில் ஸ்டோர் ரூம் ஒழுகியதால் வேறெங்கோ நகர்த்தப்பட்டு, கடைசியில் விளையாட்டுத் துறை அறையில் கிரிக்கெட் மேட்டுக்குப் பின்னால் இருந்தது. அண்ணனுக்குத்தான் ஞாபகம் வந்தது. சாக்கின் அடியில் இருந்த நான்கைந்தில் பூஞ்சை, மற்றவை நன்றாகவே இருந்தன.

மீதி 181. இங்கேதான் நான் சோர்ந்து போனேன், தேட இடமே இல்லை. அன்று மத்தியானம் அண்ணன் மேஜையில் ஒரு சுருளைக் கொண்டுவந்து வைத்தார். ஒட்டி மிஞ்சிய பார்கோடு ஸ்டிக்கர்கள். அங்கங்கே ஒன்று இரண்டாகத்தான் மிஞ்சும், ஆனால் இது ஒரே நீளமான நாடா, ஒரு ஸ்டிக்கர்கூட உரியாமல். "மேடம், எட்டாயிரத்து ஐந்நூறுல இருந்து ஐந்நூத்தித் தொண்ணூத்தொம்பது வரைக்கும் ஒன்னுகூட ஒட்டல. முப்பது வருஷமா புத்தகம் எடுத்து வைக்கிறேன், எட்டாயிரத்து ஐந்நூறுல ஒரு புத்தகத்தையும் நான் கையால தொட்டதில்ல" என்றார்.

நூறு புத்தகம் வரிசையாகத் தொலைவது என்பது திருட்டில் நடக்காது. ரெஜிஸ்டரை எடுத்தோம். பெரிய, தோல் முதுகு வைத்த பழைய ரெஜிஸ்டர், பக்கத்துக்கு 25 வரி. இடது பக்கத்தின் கடைசி வரி 8,499. வலது பக்கத்தின் முதல் வரி 8,600. அதே கையெழுத்து, அதே நீல மை. எழுதியவர் பக்கம் திருப்பும்போது ஒரு நூறைத் தாண்டிவிட்டார். கீழே அந்தக் கால பிரின்சிபாலின் கையெழுத்து, அதற்குக் கீழே ஆடிட்டரின் பச்சை டிக். யாரும் கவனிக்கவில்லை. ஆனால் கையெழுத்து ஒன்றுதான் என்பது ஆதாரமாகாதே. ரெஜிஸ்டரில் பில் எண் எழுதும் கட்டம் ஒன்று உண்டு, பலர் அதை வீண் வேலை என்பார்கள். பில் எண்ணைப் பிடித்துப் பழைய வவுச்சர் கட்டைத் தேடினோம். அந்த பில்லில் 40 புத்தகம். ரெஜிஸ்டரில் அந்த பில்லுக்கு எதிரே 8,480 முதல் 8,499 வரை 20, பிறகு 8,600 முதல் 8,619 வரை 20. சரியாக 40. ஆக அந்த நூறு எண்களுக்குப் புத்தகம் என்றுமே இருந்ததில்லை. பில்லின் நகலை இணைத்து, 'எண் விடுபட்டது' என்று சிவப்பு மையில் குறிப்பெழுதி, கையெழுத்து வாங்கினேன். பழைய பில்களைக் கிழித்துப் போடும் ஆட்கள் இதை ஒருமுறை படிக்கட்டும்.

மீதி 81.

81 உண்மையிலேயே இல்லை. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் 215-ஆம் விதி இதற்கு ஓர் அளவு சொல்கிறது: ஓராண்டில் கொடுத்து வாங்கிய, எடுத்துப் பார்த்த புத்தகங்கள் ஆயிரத்துக்கு ஐந்து தொலைவது ஏற்கத்தக்கது, நேர்மைக் குறைவோ அலட்சியமோ காரணமாக இல்லாதவரை. ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள புத்தகமும் அரிய நூல்களும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். எங்களை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்று வாதாடலாம், ஆனால் ஆடிட்டுக்கு வருகிறவர்கள் வாயில் வருவது அதுதான். எங்களிடம் வருடத்துக்குச் சுமார் 6,200 புத்தகம் வெளியே போகிறது, அப்படியென்றால் வருடத்துக்கு 31, மூன்று வருடத்துக்கு 93. தப்பித்தோம். அதே விதி 20,000-க்கு உட்பட்ட நூலகங்கள் வருடா வருடம் முழுதாகச் சரிபார்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த வரியை யாரும் வாசித்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

இனி தமிழ்ப் புத்தகங்கள். உண்மையில் இந்தக் கோடையின் பெரிய வேலை இதுதான். ஆங்கிலப் பாடநூல் என்றால் அட்டையில் இருக்கும் ஐஎஸ்பிஎன் எண்ணை அடித்து வேறொரு பெரிய நூலகத்தின் பதிவை இறக்கிக்கொள்ளலாம், ஓரளவுக்கு வேலை செய்யும். தமிழுக்கு அது உதவாது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் தமிழ் நூல்கள் நிறைய உண்டு, ஆனால் பதிவுகள் பெரும்பாலும் ரோமன் எழுத்தில், மேலும் கீழும் கோடும் புள்ளியுமாக இருக்கும், அதை நம் பிள்ளைகள் யார் தேடப்போகிறார்கள்? எங்களிடம் இருந்த 3,400 தமிழ்ப் பதிவுகள் யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்தவை. எழுத்துருவை எடுத்துவிட்டால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை. எழுத்துரு மாற்றும் நிரல் ஒன்றின் மூலம் யுனிகோடுக்கு மாற்றினோம், பார்ப்பதற்குச் சுத்தமான தமிழ். கோஹாவில் ஏற்றி 'பௌத்தம்' என்று தேடினால் பூஜ்யம்.

இரண்டு கோளாறு. ஒன்று கோஹா பக்கம். அதன் தேடல் அட்டவணை இயல்பாக லத்தீன் எழுத்துகளுக்கு ஏற்ப அமைந்திருக்கும், நிறுவும்போதே பிற மொழி எழுத்துகளையும் கையாளும் ஐசியு முறைக்கு மாற்றியிருக்க வேண்டும். நான் அதைப் படிக்காமல் 'அடுத்து, அடுத்து' என்று தட்டியிருந்தேன். மாற்றி, அட்டவணையை முதலிலிருந்து கட்டியதும் பெரும்பாலானவை வந்தன. 'பௌத்தம்' மட்டும் வரவில்லை. பதிவை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. தட்டச்சு செய்தவர் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பும் ளகரமும் அடித்திருக்கிறார். பழைய எழுத்துருவில் இரண்டும் ஒரே உருவம், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கணினிக்கு அது 'பெளத்தம்'. இதேபோல காலுக்குப் பதில் ரகரம், 'கொ' என்பதில் கொம்பும் காலும் ஒரே குறியாகச் சேராமல் தனித்தனிக் குறிகளாக நிற்பது. தனித்தனியாக நிற்பதை யுனிகோடின் ஒருமைப்படுத்தும் முறையில் ஓட்டினால் சேர்ந்துவிடும். மற்ற இரண்டையும் எந்த நிரலும் முழுதாகத் திருத்தாது, ஏனென்றால் 'வெள்ளம்' என்பதில் கொம்பும் ளகரமும் நியாயமாகவே வருகின்றன. சந்தேகமானவற்றை வடிகட்டித் தனிப் பட்டியலாக்கி, இரண்டு தமிழ்த் துறை முதுகலை மாணவிகளை உட்கார வைத்துக் கண்ணால் பார்த்துத் திருத்தினோம். விடுமுறையிலும் வந்தார்கள், மத்தியானச் சாப்பாடு என் கணக்கு.

ஆசிரியர் பெயர் இன்னொரு கூத்து. மு.வ., மு. வரதராசன், டாக்டர் மு. வரதராசனார் என்று எங்கள் பதிவுகளில் ஒரே மனிதர் மூன்று பேராக இருந்தார். ஒரு வடிவத்தை முடிவுசெய்து மற்றவற்றிலிருந்து அதற்கு வழிகாட்ட வேண்டும். 'டாக்டர்', 'புலவர்', 'பேராசிரியர்', 'கவிஞர்' எல்லாவற்றையும் பெயரின் முன்னாலிருந்து அகற்றினேன், இல்லாவிட்டால் அகர வரிசையில் பாதி ஆசிரியர்கள் 'டா'விலும் 'பே'விலும் போய் நிற்பார்கள். அகர வரிசை என்றதும் ஞாபகம் வருகிறது, யுனிகோடின் எண் வரிசை நம் நெடுங்கணக்கு இல்லை. அதில் நகரத்துக்கு அடுத்தே னகரம் வந்துவிடும், ரகரத்துக்கு அடுத்து றகரம். தமிழுக்கென்று வரிசை முறையைத் தேர்ந்தெடுக்காமல் அடுக்கினால் பட்டியலைப் பார்க்கும் தமிழாசிரியர்கள் சும்மா இருப்பார்களா?

புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் பகுப்பு முறையில் கை வைக்கவில்லை, அமெரிக்காவின் டியூயி முறைதான். தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811-க்குள் அடங்குகிறது, புனைகதை 894.8113. முதுகு லேபிளில் இந்த எண்ணே இடத்தை அடைத்துக்கொள்கிறது, அதனால் எங்கள் தமிழ் நாவல் ரேக்கில் எண்ணைச் சின்னதாகவும் ஆசிரியரின் முதல் மூன்று எழுத்தைப் பெரிதாகவும் அடித்தேன். விதிப்படி தவறாக இருக்கலாம், ஆனால் பிள்ளைகள் எழுத்தைத்தான் பார்க்கிறார்கள். சீர்காழிக்காரர் ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்து 1933-இல் கோலன் பகுப்பு என்ற தன் சொந்தப் பகுப்பு முறையை வெளியிட்டார், அவருடைய ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அமெரிக்க எண்ணை ஒட்டிக்கொண்டிருக்கிறோம் என்று ஒவ்வொரு லேபிளுக்கும் ஒரு சின்ன உறுத்தல் இருக்கத்தான் செய்தது.

கழிக்க வேண்டியவற்றைப் பற்றிச் சுருக்கமாக. ஜிஎஸ்டி 2017 ஜூலையில் வந்தது, எங்கள் வணிகவியல் ரேக்கில் அதற்கு முந்தைய விற்பனை வரிப் புத்தகங்கள் 46 பிரதி. பழைய டாஸ் கால நிரலாக்கப் புத்தகங்கள் இரண்டு தட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் குழு, தீர்மானம், கையெழுத்து, 'நீக்கப்பட்டது' முத்திரை என்று முறையாக வெளியேற்றக் கேட்டிருக்கிறேன், கோப்பு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. முத்திரை இல்லாமல் பழைய பேப்பர்காரரிடம் போட்டால் அடுத்த வாரமே யாராவது நல்ல மனிதர் "உங்க காலேஜ் புத்தகம் ரோட்டுல கிடந்துச்சு" என்று திரும்பக் கொண்டுவந்து கொடுப்பார், எனக்கு நடந்திருக்கிறது.

பைண்டிங்குக்குப் புது ஆள் கிடைத்தார். தையலை ஓரமாகக் குத்தாமல் முதுகில் போடச் சொல்லுங்கள், ஓரத் தையல் உள்பக்க வரிகளைத் தின்றுவிடும், புத்தகமும் விரியாது, மாணவர்கள் ஜெராக்ஸ் எடுக்க அழுத்தி அழுத்தி மறுபடி முறித்துவிடுவார்கள். மைதாப் பசையில் மயில்துத்தம் கலக்கிறாரா என்று கேளுங்கள். கலக்காவிட்டால் இராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்தது போல.

கரையான்தான் கடைசி வேலை. இயற்பியல் ரேக்குக்குப் பின்னால் சுவரில் மண் கோடு ஏறியிருந்தது. ரேக் இரும்புதான், ஆனால் சுவரை ஒட்டி நின்றதால் சுவர் வழியாக ஏறி நேராகப் புத்தகத்துக்கு வந்துவிட்டது. மேல் தட்டில் ஆறு புத்தகம் உள்ளே கூடாக இருந்தது, முதுகு மட்டும் அழகாக நின்றது. மருந்தடித்து, எல்லா ரேக்கையும் சுவரிலிருந்து அரை அடி முன்னால் தள்ளினோம். இது ஜூன் இரண்டாம் வாரம், கல்லூரி திறக்க மூன்று நாள். 81 புத்தகங்களின் பட்டியல் அதற்கு முந்தின நாள்தான் கையெழுத்தாகி அலுவலகத்துக்குப் போயிருந்தது. அந்த இயற்பியல் ரேக் எப்போதும் லேசாக ஆடும், யாரோ எப்போதோ பின்கால் ஒன்றுக்கு அடியில் எதையோ சொருகியிருந்தார்கள். நகர்த்தியபோது அது வெளியே வந்தது. அண்ணன் தூசியைத் துடைத்தார். காலிக்கோ அட்டை, நடுவில் ரேக் காலின் சதுரத் தடம் ஆழமாகப் பதிந்து. திறந்தால் நம் முத்திரை, எண் 3,117. பட்டியலில் பதினெட்டாவது வரி.

மறுபடி அலுவலகத்துக்குப் போய் 81-ஐ அடித்து 80 என்று எழுதி, அடித்த இடத்தில் ஒரு சுருக்கொப்பம் வாங்கினேன். பிரின்சிபால் எங்கே இருந்தது என்று கேட்டார். ரேக்கில்தான் சார் என்றேன்.